இரண்டு பகல் தூக்கம் ஒன்றாக மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பகல்நேரக் குழந்தைகள் காப்பக வாசலில் ஒரு தாய் தன் மகனை என் கையில் கொடுத்தபடியே சொன்னார்: "காலைத் தூக்கத்தை நேற்றோடு நிறுத்திவிட்டோம் அக்கா. இனி இரவில் அசந்து தூங்குவான், இல்லையா?" பையனுக்கு ஒரு வயது முடிந்து பத்து நாட்கள். இமை ஓரம் சிவந்திருந்தது. ஒரு கையால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே என் தோளில் முகத்தைத் தேய்த்தான்.

என் மூத்த மகனுக்குப் பதின்மூன்று மாதம் இருக்கும்போது நானும் இதே நம்பிக்கையில்தான் இருந்தேன். அதன் பிறகு ஏழு வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் விடியும்வரை தூங்கவில்லை. அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் 11 ஆண்டுகளாக ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அன்று நான் செய்ததையே புதிய பெற்றோர் இன்றும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அறையை இருட்டாக்குங்கள், தூங்கும் நேரத்தில் கைபேசியைக் காட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் மறுப்பையே முடிவாக எடுத்துக்கொள்வது

பெரும்பாலான குழந்தைகள் 13 முதல் 18 மாதத்துக்குள் ஒரே பகல் தூக்கத்துக்கு மாறுகிறார்கள். ஆனால் ஒரு வயதை ஒட்டி, பல குழந்தைகள் திடீரென்று ஏதாவது ஒரு தூக்கத்தை மறுப்பார்கள். நடக்கத் தொடங்கும் பருவம் அது. படுக்க வைத்தால் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்; அம்மா அறையைவிட்டு நகர்ந்தால் அழுவார்கள். உடல் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும், கால்கள்தான் கேட்காது. இது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும்.

ஆகவே இரண்டு வாரம் முழுதாகக் கவனியுங்கள். வாரத்தில் நான்கைந்து நாட்கள் மதியத் தூக்கம் வராமலே போகிறதா? அல்லது மதியம் தூங்கினால் இரவு ஒன்பதரைவரை விழித்திருக்கிறானா? காலைத் தூக்கம் தவறிய நாளில் பதினொன்றரைவரை முகம் வாடாமல் விளையாடுகிறானா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். தூக்கத்தை மறுத்தவன் பத்து மணிக்கே சிணுங்கத் தொடங்கினால் அவன் இன்னும் தயாராகவில்லை.

அதுவரை கையாள எளிய வழி ஒன்று இருக்கிறது: காலைத் தூக்கத்தை முப்பது, நாற்பது நிமிடத்தில் எழுப்பிவிட்டு முடித்துவிடுங்கள். மதியத் தூக்கம் பல சமயம் தானாகத் திரும்பிவிடும். இரண்டு தூக்கத்தோடு இன்னும் இரண்டு மாதம் ஓடும்.

இரவுப் படுக்கையைப் பழைய நேரத்திலேயே வைத்திருப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். குழந்தையிடமிருந்து ஒரு தூக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டு, அந்தக் கடனை எங்கே திருப்பித் தருவது என்று யாரும் யோசிப்பதில்லை.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மகன் காலை 6 மணிக்கு எழுவான். இரண்டு தூக்கம் இருந்தபோது 9:30 முதல் 10:30 வரை ஒன்று, 2 முதல் 3:30 வரை இன்னொன்று. இரவு 8 மணிக்குப் படுக்கை. மதியம் எழுந்ததற்கும் இரவு படுத்ததற்கும் நடுவே நாலரை மணி நேரம். ஒரே தூக்கத்துக்கு மாற்றினேன். அவன் 12 மணிக்குப் படுத்து 1:15-க்கு எழுந்தான். புதிதாக மாறிய குழந்தைக்கு எடுத்த எடுப்பில் இரண்டரை மணி நேரத் தூக்கம் வந்துவிடாது. அது நீள மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். நானோ படுக்கை நேரத்தை முன்னே கொண்டுவருவதற்குப் பதிலாக 8:30-க்குத் தள்ளிவிட்டேன். களைத்துப்போனால் நன்றாகத் தூங்குவான் என்று நினைத்தேன். அவன் அப்பா வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. பதின்மூன்று மாதக் குழந்தை ஏழே கால் மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தான்.

அந்த மாலைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஆறு மணிவரை எரிந்து விழுவான். ஏழு மணி தாண்டியதும் திடீரென்று தெம்பு வந்தவன்போல அறையைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். காரணமே இல்லாமல் கிறீச்சிட்டுச் சிரிப்பான். சமதரையில் இடறி விழுவான். தூக்கினால் தோளைக் கடிப்பான். "களைப்பே இல்லை, பார்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். களைப்பு முற்றி, உடல் விழிப்பை வலிந்து பிடித்துக்கொண்டிருந்த நிலை அது. தூக்கம் தப்பிய குழந்தை துள்ளும். துள்ளுவதைச் சுறுசுறுப்பு என்று நினைப்பதில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது.

பிறகு விடியற்காலை 4:45-க்கு எழுந்து அழுவான். ஏன் அந்த நேரம்? விழித்திருக்கும்போது மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் நம்மைத் தூக்கத்துக்குள் அழுத்துகிறது. இரவின் முற்பகுதியில் அதில் பெரும்பங்கு கரைந்துவிடும். விடியலை ஒட்டித் தூக்கம் மெலிந்திருக்கும். விழிப்புக்கு உடலைத் தயார்செய்யும் கார்டிசால் அப்போது ஏறத் தொடங்கும். களைப்பு முற்றிப் படுத்த குழந்தை அந்த மெல்லிய நேரத்தில் கண் விழித்தால் மறுபடி தூங்கத் திணறும். 4:45-க்கு எழுந்தவன் பன்னிரண்டுவரை தாக்குப்பிடிக்க மாட்டான். மதியத் தூக்கமும் குலையும். அன்று மாலை அதைவிட மோசமாகும்.

இங்கேதான் பெற்றோர் இரண்டாவது முறை சறுக்குகிறார்கள். "சீக்கிரம் எழுகிறான், அப்படியானால் தாமதமாகப் படுக்க வைப்போம்" என்று 9 மணிக்குத் தள்ளுவார்கள். நானும் தள்ளினேன். அவன் 4:30-க்கு எழுந்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் மகனுக்கு 8:30 முதல் 4:45 வரை எட்டே கால், பகலில் ஒன்றே கால், ஆக ஒன்பதரை மணி நேரம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்த எளிய கூட்டலை ஏழு வாரம் நான் போட்டுப் பார்க்கவில்லை.

அவனைப் பகலில் பார்த்துக்கொண்டவர், என்னைவிட மிக மூத்தவர், ஒருநாள் நான் நேரம் குறித்துவைத்த நோட்டைப் புரட்டினார். 1:15-க்கும் 8:30-க்கும் நடுவில் விரலை வைத்தார். "இந்த இடைவெளியைப் பார்த்தாயா அம்மா? உன்னாலேயே இருக்க முடியுமா?" என்று கேட்டார். அன்று மாலை 6:30-க்கு விளக்கை அணைத்தேன். அவன் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டான். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளும் அவன் 5 மணிக்குத்தான் எழுந்தான். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: பலர் ஒருநாள் முயன்றுவிட்டு, "சீக்கிரம் படுக்க வைத்தும் பயன் இல்லை" என்று பழைய நேரத்துக்கே போய்விடுகிறார்கள். சேர்ந்த களைப்பு ஒரே இரவில் இறங்காது. நான்காம் நாள் 5:30. எட்டாம் நாள் 6:05.

ஆகவே பகல் தூக்கம் முடிந்து ஐந்து, ஐந்தரை மணி நேரத்துக்குள் இரவுப் படுக்கை. அது 6:30 என்று வந்தால் 6:30தான். பகல் தூக்கம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டதும் படுக்கையை மெல்ல 7, 7:30 என்று பின்னே நகர்த்தலாம், நகர்த்தவும் வேண்டும். போதுமான அளவு தூங்கி, சிரித்த முகத்தோடு 5 மணிக்கே எழும் குழந்தையை 6:30-க்கே படுக்க வைத்துக்கொண்டிருப்பதும் சரியல்ல. அப்பாவுக்கான நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் எழுப்பி, முகம் கழுவி, உடை மாற்றும் வேலை முழுவதும் அவருடையதாயிற்று.

காலைத் தூக்கத்தை ஒரே நாளில் வெட்டுவது

9:30-க்குத் தூங்கிப் பழகியவனை நாளையே 12 வரை இழுக்காதீர்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து இருபது நிமிடம் நகர்த்துங்கள். 10:30, 11 அளவில் சில நாட்கள் தேங்கி நிற்கும், நிற்கட்டும். வெயிலும் காற்றும் படும்படி வெளியே அழைத்துப்போனால் அந்தக் கடைசி அரை மணி நேரத்தைக் கடப்பது எளிது. மதிய உணவையும் கூடவே 11, 11:30-க்கு முன்னே கொண்டுவாருங்கள். வாயில் உணவோடு கண் சொக்கும் குழந்தையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால் அது வேடிக்கை பார்க்கும் காட்சி அல்ல.

பதினோரு மணிக்குக் காரில் ஏற்றுவது

ஏற்றாதீர்கள். பத்து நிமிடக் கோழித் தூக்கம் இரண்டு மணி நேரத் தூக்கத்தை விழுங்கிவிடும்.

ஒரு மணி நேரத்தில் சிணுங்கியதும் தூக்கிவிடுவது

பத்து நிமிடம் பொறுங்கள். கதறினால் போங்கள், முனகினால் அது இரண்டு தூக்கச் சுற்றுகளுக்கு நடுவே வரும் முனகல், பெரும்பாலும் மறுபடி அடங்கிவிடும்.

அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

ஒன்று என்று முடிவெடுத்தபின் இரண்டுக்கு இடமே கொடுக்காதது

காய்ச்சல், பல் முளைக்கும் வலி, இரவில் பலமுறை எழுந்த நாள், இவற்றில் காலை 9:30-க்கே குழந்தை கண்ணைக் கசக்கினால் அரை மணி நேரம் தூங்க விடுங்கள். அதனால் பழகியது கெட்டுப்போகாது. மாறும் அந்த நான்கைந்து வாரத்தில் மூன்று நாள் ஒன்று, நான்காம் நாள் இரண்டு என்று போவது இயல்பு. இரண்டாவது தூக்கத்தை மட்டும் மாலை 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். தூங்கும்போது தொடர்ந்து குறட்டைவிட்டாலோ மூச்சு தடைப்பட்டாலோ அது நேரக் கணக்கால் தீரும் விஷயம் அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசலில் என்னிடம் கேட்ட அந்தத் தாயிடம் அன்று மாலை இதையெல்லாம் சொன்னேன். முகம் சுருங்கியது, தோற்றுவிட்டதாக நினைத்தார் போலும். ஆனாலும் காலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். இன்று காலை 9:40-க்கு அவனைப் படுக்க வைத்தேன். காதை இரண்டு முறை இழுத்தான், ஒருக்களித்துப் படுத்தான், ஐம்பது நிமிடம் தூங்கினான்.