சோழிக்கு ஞாபகம் கிடையாது

தலசீமியா (ரத்தம் போதிய அளவு ஊறாத பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேலூருக்கு பஸ் ஏறும் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டில் பாட்டி ஆறுதல் சொல்வார்: "டாக்டரம்மா நாலுல ஒண்ணுன்னாங்க இல்ல? அந்த ஒண்ணு வந்துடுச்சு. இனிமே பயமில்ல." இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை.

தாயம் ஆடும் சோழி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. இருவரும் கேரியர் (நோய் இல்லாமல் அதன் மரபணுக் குறையை மட்டும் சுமப்பவர்) என்றால், ஒவ்வொரு கர்ப்பமும் இரண்டையும் சேர்த்து உருட்டுவதுதான். மல்லாந்தால் அந்தக் குறை பிள்ளைக்கு வந்தது என்று பொருள். இரண்டும் மல்லாந்தால் நோய். ஒன்று மல்லாந்தால் பிள்ளையும் கேரியர். இரண்டும் கவிழ்ந்தால் ஒன்றுமில்லை. (சோழி சரிபாதியாக விழாது என்பார்கள் தாயம் ஆடித் தேர்ந்தவர்கள், கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) போன தடவை என்ன விழுந்தது என்று சோழிக்குத் தெரியாது. அடுத்த பிள்ளைக்கும் அதே 25 சதவீதம்தான்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்பது அடுத்தது. கேரியர் நன்றாகத்தான் இருப்பார். மிஞ்சிப்போனால் லேசான சோகை. குடியாத்தம் பக்கம் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் இருக்கிறது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் கால் பங்கு பொது, அத்தை மகனென்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே தாத்தாவின் குறை இரண்டு பக்கமாகவும் வந்து சேர வழி அது. அதற்காக, அசலில் கட்டினால் தப்பித்தோம் என்றும் இல்லை.

பெண்ணை மட்டும் சோதிக்கும் பழக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ரத்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே இருக்கும். "சோகை" என்று வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை ஓடும். கேட்க வேண்டியது ஹெச்.பி. ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) அளவு. அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர். இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த அளவு இறங்கிக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கணவருக்கும் இதே சோதனை.

ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள வீட்டில் தவறு வேறு மாதிரி. பையனுக்கு நோய், தங்கைக்கு ஒன்றுமில்லை என்று கல்யாணம் முடித்துவிடுவார்கள். அவள் கேரியராக இருந்தால் அவளுடைய மகன்களில் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு. ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் அளவு சரியாக இருந்தாலும் நம்ப முடியாது, மரபணுச் சோதனைதான் சொல்லும்.

அப்புறம், ஸ்கேன் சட்டத்துக்குப் பயந்து சோதனைக்கே போகாதவர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான் தடுக்கிறது; பரம்பரை நோயைக் கண்டறிய அதிலேயே இடமுண்டு. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பது சுமார் 11 வாரத்திலேயே முடியும். ஆனால் பெற்றோரின் மரபணுக் கோளாறு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஐந்தாம் மாதம் ஃபைலோடு ஓடினால் நேரம் போதாமல் போகலாம்.

மூத்த பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கவே இன்னொன்று பெறலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கும் நோய் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் கூடிவருவது 16-ல் 3. எப்படியிருந்தாலும் கருத்தரிக்கும் முன் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். மூத்த பிள்ளையின் மரபணு ரிப்போர்ட்டை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் லேபில் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.