தானாக முளைத்த பழக்கன்று: வளர்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

கொட்டையை வீசிய இடத்தில் செம்பு நிறத் துளிரோடு ஒரு மாங்கன்று நிற்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் பப்பாளி பத்துப் பதினைந்து ஒரே கொத்தாக முளைத்திருக்கும். மதில் இடுக்கில் குருவி போட்ட கொய்யா. "தானா வந்த கன்று, நல்லா வரும்" என்று விட்டுவிடுகிறோம். நன்றாக வளரும் என்பது சரிதான். தின்ற பழத்தைப் போலவே காய்க்குமா என்பது வேறு கேள்வி. எல்லாக் கன்றுக்கும் அதற்கு ஒரே பதில் இருப்பதாக நினைப்பதுதான் முதல் தவறு.

எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் வந்தவை அல்ல, தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. ஆகவே தாயைப் போலவே காய்க்கும். ஒரே உயரத்தில், ஒரே மாதிரி இலையோடு நிற்பவற்றை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் சேராமல் தனித்துத் தெரிவதைக் கழித்துவிட்டால் போதும். பலர் இரண்டாம் வருடம் நீளமான முள்ளைப் பார்த்துவிட்டு "இது காட்டு எலுமிச்சை" என்று வெட்டிவிடுகிறார்கள். விதைக்கன்றில் முள் அதிகம் இருப்பது இளமையின் அடையாளம். மரம் முதிர முதிரக் குறையும். காய்ப்புக்கு நாலைந்து வருடம் பொறுக்க வேண்டும். சீத்தாவும் பெரும்பாலும் தாயைப் போலவே வரும், அதுவும் மூன்று நான்கு வருடத்திலேயே.

மா, பலா, கொய்யா அப்படியல்ல. பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், அல்போன்சா எல்லாமே ஒரு கொட்டைக்கு ஒரு முளை விடும் ரகங்கள். அந்த ஒரு முளை, தாய் மரமும் எங்கிருந்தோ வந்த மகரந்தமும் சேர்ந்து பிறந்தது. மல்கோவாக் கொட்டையில் மல்கோவா வராது. கேரளக் கரையோர நாட்டு ரகங்கள் சிலவற்றில் மட்டும் ஒரு கொட்டையில் மூன்று நான்கு முளை வரும். அவற்றில் தாயின் அச்சு கிடைக்கும். கன்றின் அடிமண்ணை விரலால் மெல்ல விலக்கி, கொட்டையிலிருந்து எத்தனை தண்டு கிளம்புகிறது என்று எண்ணினால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பப்பாளி: பூ வருமுன் கழிப்பது

அதிகம் ஏமாறுவது பப்பாளியில். கொத்தாக முளைத்ததில் கொழுத்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்து அது ஆண் மரமாக நிற்கும். நாற்றாக இருக்கும்போது ஆண், பெண் பார்த்துச் சொல்ல வழியில்லை. வேர் கறுப்பு, இலை அகலம் என்று சொல்லப்படும் அடையாளங்களை நம்ப வேண்டாம்.

ஒரு சாண் உயரத்தில் மூன்று நாற்றுகளை ஒரே குழியில், ஒன்றுக்கொன்று அரை அடி தள்ளி வையுங்கள். பூத்த பிறகு கழியுங்கள். ஆண் பூ நீளக் காம்பில் கிளைத்துத் தொங்கும், மெலிந்த குழல் போல இருக்கும். பெண் பூ தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அடிப்பக்கம் பருத்து, ஐந்து இதழும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் சேர்ந்த இருபால் பூவும் தண்டை ஒட்டியே வரும், ஆனால் அதன் சூல் ஒடுங்கி நீண்டிருக்கும், உள்ளே மகரந்தப் பைகள் தெரியும். வீட்டுக்கு இருபால் மரம் ஒன்று கிடைத்தால் அதுவே போதும், துணை வேண்டாம். பெண் மரம் மட்டும் மிஞ்சினால், அக்கம்பக்கத்தில் ஆணோ இருபாலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு உதிரும், நின்றாலும் சிறுத்துப் போகும்.

கடையில் வாங்கிய நீளப் பழத்தின் விதை என்றால் நம்பிக்கை கூடுதல். நீளக் காய் இருபால் மரத்துடையது. தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டிருந்தால் அதன் விதையில் தனி ஆண் வராது. ஆனால் கடைப்பழம் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறையில் அளவும் இனிப்பும் கலைந்துதான் வரும்.

பாத்திரத் தண்ணீர் ஓடும் இடத்திலேயே பப்பாளியை விட்டுவைப்பதும் தவறு. வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே அடித்தண்டு அழுக ஆரம்பிக்கும். மேட்டில் வையுங்கள்.

இடம் மாற்றுவதில்

மாங்கன்றை மழை ஈரத்தில் கையால் இழுத்தால் கொட்டையிலிருந்து கழன்று வரும். முதல் சில வாரங்களுக்கு அதன் உணவு கொட்டையில்தான் இருக்கிறது. கழன்றால் பிழைப்பது அரிது. முளைத்த மூன்று நான்கு வாரத்துக்குள், கொட்டையோடும் மண்ணோடும் ஒரு சாண் ஆழம் தோண்டி எடுக்க வேண்டும். ஆணிவேர் வேகமாகக் கீழே போகும். செடி அரையடி இருக்கும்போதே வேர் ஓரடி போயிருக்கலாம்.

முழங்கால் உயரம் தாண்டிவிட்டதா? அவசரப்படாதீர்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அரை வட்டமாக மண்வெட்டியை இறக்கி வேரை அறுத்துவிட்டு, அதே மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபாதி. இன்னும் மூன்று வாரம் கழித்து, மேகமூட்டமான நாளின் மாலையில் மண்கட்டி உடையாமல் எடுங்கள். இலைகளைப் பாதி அளவுக்கு வெட்டிவிட்டால் வாட்டம் குறையும். புதுக் குழியில் பழைய மண்மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது. ஆணிவேர் மடங்கி உட்காரவும் கூடாது. மடங்கிய வேரோடு வளர்ந்த மரம் காற்றுக்குச் சாயும். பலாவை இந்த வேலைக்கே இழுக்காதீர்கள். நாலு இலைக்குள் மாற்றாவிட்டால் முளைத்த இடமே அதன் இடம். அந்த இடம் சுவரிலிருந்து 15 அடிக்குள் இருந்தால் பிடுங்கிவிடுவதே நல்லது, மனசு கேட்காவிட்டாலும்.

விதைக்கன்றைக் குறைசொல்லிவிட்டு ஒட்டுக்கட்ட மறப்பது

புளிக்கப் போகும் மாங்கன்று வீண் அல்ல. ஆணிவேர் ஊன்றி, அந்த மண்ணுக்குப் பழகிய அருமையான வேர்ச்செடி அது, அதாவது நல்ல ரகத்தை மேலே ஒட்ட வேர் தரும் செடி. இடத்திலேயே ஒட்டுக்கட்டலாம். தண்டு பென்சில் கனத்துக்கு வந்து, நுனியில் புதுத் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போது, ஈரக்காற்று உள்ள ஆடி, ஆவணி மாதங்களில் செய்யுங்கள். காய்க்கும் மரத்தில் அதே கனமுள்ள, மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்கிளையைத் தேர்ந்து, எட்டுப் பத்து நாளுக்கு முன்பே காம்பை விட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிட வேண்டும், மொட்டு உப்பிவிடும். இதைச் செய்யாமல் அன்றைக்கே வெட்டி வந்து கட்டுவதால்தான் பல ஒட்டுகள் காய்ந்துபோகின்றன. கன்றின் இளந்தண்டை நறுக்கி நடுவில் 3 அல்லது 4 செ.மீ. பிளந்து, காய்க்கும் மரத்திலிருந்து வெட்டி ஆப்பு போலச் சீவிய அந்த நுனிக்கிளையை, அதாவது ஒட்டுக்குச்சியை, செருகுங்கள். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை நேராக உட்கார வேண்டும். பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் உறை மாதிரி ஒரு நீளப் பை மாட்டுங்கள். துளிர் வந்ததும் பையைக் கழற்றலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாராவாரம் கிள்ளாவிட்டால் அது ஒட்டை அமுக்கிவிடும்.

ஒட்டுக்கட்டாமலே விதைமரமாக வளர்ப்பவர்கள் செய்வது நேர் எதிரான தவறு: "கிளை விடட்டும்" என்று வருடாவருடம் தலையை வெட்டுவது. விதைமரம் ஒரு குறிப்பிட்ட வளர்ச்சியைத் தாண்டிய பிறகுதான் பூக்கும், அதுவும் முதலில் மேல்கிளைகளில். வெட்டிக்கொண்டே இருந்தால் ஆறேழு வருடத்தில் பூக்க வேண்டிய மா இன்னும் தள்ளிப்போகும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் அப்படித்தான், இலைதான் வரும்.

சப்போட்டா அடியில் முளைத்திருப்பதை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு மகிழுங்கள். வாங்கிய கன்று பெரும்பாலும் பாலை மரத்து வேரில் ஒட்டியது. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் பாலை. சப்போட்டா இலை நுனி கூர்ந்திருக்கும், பாலையில் நுனி மழுங்கிச் சற்றே உள்வாங்கியிருக்கும். அதை விட்டுவைத்தால் மேலே இருக்கும் சப்போட்டாவின் சத்தை அது எடுத்துக்கொள்ளும்.