டெங்கு கொசு எதுன்னு வீட்லயே கண்டுபிடிச்சு ஒழிக்கிறது எப்படி

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் யாருக்காவது டெங்குன்னா எல்லாரும் பக்கிங்காம் கால்வாயத்தான் திட்டுவாங்க. ஆனா அந்த சாக்கடைல பெருகி, ராத்திரி காதுகிட்ட ங்ஙொய்னு வர்றது கியூலெக்ஸ், அது யானைக்கால பரப்பும், டெங்குவ பரப்பாது. டெங்கு கொசு ஏடிஸ், அது நம்ம வீட்டு தண்ணி ட்ரம்லதாங்க இருக்கு.

பகல்ல கால்ல கடிச்சா அடிச்சு உள்ளங்கைல வச்சு பாருங்க. கறுப்பு உடம்பு, கால்ல வெள்ளை வளையம் இருந்தா ஏடிஸ். ஏடிஸ்ல எந்த வகைன்னு முதுக பாத்தா தெரியும், நடுவுல ஒரே ஒரு நேர்கோடுன்னா ஆல்போபிக்டஸ், ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி வளைஞ்ச கோடுன்னா எஜிப்டி. ரெண்டுமே பரப்பும், ஆனா எஜிப்டிதான் மோசம், ஏன்னா அது வீட்டுக்குள்ளயே கட்டிலுக்கு அடியில, மாட்டி வச்ச துணிக்கு பின்னாடி உக்காந்துக்கும், மனுஷ ரத்தம்தான் தேடும், வயிறு ரொம்பறதுக்குள்ள ரெண்டு மூணு பேர கடிச்சுடும்.

எல்லா கொசுவும் ஏன் பரப்பலன்னா, குடிச்ச ரத்தத்துல இருக்கற வைரஸ் கொசுவோட குடல தாண்டி எச்சில் சுரப்பி வரைக்கும் போய் சேரணும். ஏடிஸ்ல அதுக்கு சுமார் 8-12 நாள் ஆகும், கியூலெக்ஸ்ல அந்த வழி நடக்கறதில்ல. எந்த வைரஸ் எந்த கொசுல வளரும்ங்கறதும் மாறலாம், 2005-06ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரீயூனியன் தீவுல சிக்குன்குனியா வைரஸ்ல ஒரே ஒரு சின்ன மாற்றம் வந்து ஆல்போபிக்டஸ்ல நல்லா வளர ஆரம்பிச்சுடுச்சு.

இப்ப ட்ரம்முக்கு வருவோம். நானும் எங்க நீல ட்ரம்ம வாராவாரம் காலி பண்ணிட்டுதான் இருந்தேன், ஆனா லாரி தண்ணி புடிச்ச கொஞ்ச நாள்லயே மறுபடி புழு. முட்டை தண்ணில இல்லீங்க, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல உள்பக்கம் மிளகுத்தூள் மாதிரி ஒட்டியிருக்கு, காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, தண்ணி பட்டதும் பொரியும். அதனால கவுத்தா மட்டும் பத்தாது, தேங்கா நார் போட்டு விளிம்பு வரைக்கும் அழுத்தி தேய்ங்க, வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம், ஐப்பசி கார்த்திகை மழைல விடவே கூடாது. அப்புறம் வாய துணியால இறுக்கி கட்டுங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, மொட்டைமாடி டயர், இளநீ ஓடு எல்லாமே பாருங்க.

வீட்ல யாருக்காவது ஜொரம்னா பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க, அவங்கள கடிச்ச கொசுதான் பத்து நாள் கழிச்சு பக்கத்து வீட்டு புள்ளைய கடிக்கும்.