பனியன் நனைவதும் கொழுப்பு கரைவதும்

சித்திரை வெயில், காலை எட்டரை மணி. ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்தில் ஒரு தம்பி மழைக்கோட்டு போட்டு ஓடிக்கொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன். "நல்லா வேர்த்தாத்தானுங்கண்ணா கொழுப்பு கரையும்" என்றார். பயிற்சியாளராகும் முன் நானும் இதையே நம்பியவன். அதனால்தான் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. புதிதாக நடக்க, ஓடத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் ஷூ, வார்ம்-அப் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நாலு நாளில் தானாகப் பழகிவிடும்.

மழைக்கோட்டு, பாலிதீன் கவர்

பனியனுக்குள் பாலிதீன் கவரைச் சுற்றிக்கொண்டு சென்னிமலையின் 1,320 படிகளையும் ஏறியவன் நான். இறங்கி வந்து எடை பார்த்தால் ஒன்றரை கிலோ குறைவு. வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை அந்த ஒன்றரை கிலோவும் திரும்பியிருந்தது. போனது வெறும் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி போகும். ஒரே காலையில் ஒன்றரை கிலோ கொழுப்பு போக வழியே இல்லை. கரைகிற கொழுப்பிலும் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது.

எடை ஏமாற்றுவதோடு நின்றால் பரவாயில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கவருக்குள் அது ஆவியாகாது, சூடு ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் முறை ஏறியபோது பாதி வழியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கும் அம்மா ஒருவர், "கண்ணு, மொதல்ல அந்தக் கவரைக் கழட்டு சாமி" என்று மோர் கொடுத்தார். எனக்கு மோரோடு போயிற்று. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையைத் தடை செய்தார்கள்.

உடல் கொதித்து, பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வேர்க்காத நாள் வீண் என்பது

ஆடி மாதம் கோவை ரேஸ்கோர்ஸில் நடப்பவர்களுக்கு இந்தக் கவலை வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அதே நடையைச் சித்திரையில் ஈரோட்டில் நடந்தால் சட்டை தொப்பலாகிவிடும். செலவாகும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான்.

தொப்பைக்கு மட்டும் பயிற்சி

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் அங்கிருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைந்துவிடாது.

முதல் நாளே முழு வேகம்

பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். முதல் மாதத்துக்கு அது போதும். இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தத் தம்பி கோட்டைக் கழற்றிவிட்டு என்னோடு மூன்று சுற்று நடந்தார். பனியன் கம்பெனி நைட் ஷிப்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கவில்லை. நான்காவது சுற்றில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினோம்.