கருவி மாறினால் ஈயமும் மாற வேண்டும்: ஸ்கூபாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூபா பயிற்சியை முடித்துச் சொந்தக் கருவிகள் வாங்கத் தொடங்குபவர்கள், தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். சிலிண்டர் வால்வைத் திறக்க மறப்பது போன்றவற்றைப் படகிலேயே யாரேனும் திருத்திவிடுவார்கள். நீருக்குள் போன பிறகே வெளிப்படும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"எனக்கு 6 கிலோ" என்று சொல்வது

மிதந்துவிடாமல் மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், இரத்த வகையைச் சொல்வதுபோல ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் உடலுக்கு மட்டும் உரியதன்று. அன்று அணிந்திருந்த வெட்சூட் (நீரில் உடல் குளிராமல் காக்கும் உடை), முதுகில் இருந்த சிலிண்டர், இறங்கிய நீர் ஆகிய அனைத்தும் சேர்ந்து தந்த எண் அது.

சிலிண்டர் மாறியதைக் கணக்கில் கொள்ளாமை

ஜெர்மனியின் நன்னீர் ஏரிகளில் தடித்த வெட்சூட்டோடும் 12 லிட்டர் எஃகு சிலிண்டரோடும் பழகிய இளைஞர் ஒருவர், விடுமுறையில் திருகோணமலைக்கு வந்திருந்தார். மெல்லிய, குறைவாக மிதக்கும் 3 மி.மீ. வெட்சூட் அணிந்ததால் ஈயத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டார், அது சரிதான். ஆனால் நன்னீரிலிருந்து உப்புநீருக்கு வந்ததும், எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறியதும் ஈயத்தைக் கூட்டச் சொல்லும் மாற்றங்கள் என்பதை அவர் எண்ணவில்லை. இறங்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. முடிவில் 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில், தலைகீழாகத் திரும்பி எவ்வளவு உதைத்தும் நிற்க முடியாமல், படகுகள் செல்லும் வழியிலேயே மேலே வந்துவிட்டார். நல்லவேளையாக ஒன்றும் நேரவில்லை.

காரணம் எளியது. வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் உள்ள காற்றின் எடை சுமார் 2.7 கிலோ, 50 பாருக்கு இறங்கும்போது அதில் 2 கிலோ குறைந்துவிடும். எஃகு சிலிண்டரிலும் காற்று இதேபோல் குறைகிறது, ஆயினும் பெரும்பாலான எஃகு சிலிண்டர்கள் காலியான பின்னும் மூழ்கும் தன்மையிலேயே இருக்கின்றன. நிரம்பியிருக்கையில் மூழ்கும் அலுமினிய சிலிண்டரோ, காலியாகும்போது மிதக்கத் தொடங்கி நம்மையும் மேலே இழுக்கிறது. ஆழம் குறைந்த இறுதி மீட்டர்களில்தான் வெட்சூட்டும் நுரையீரலும் விகித அளவில் மிக வேகமாக விரிகின்றன. கட்டுப்பாடின்றி மேலேறக் கூடாத இடம் அதுவே.

இதைவிட எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அடுத்த நாள் நடந்தது. எதையும் அளந்து பார்க்காமல், "இருக்கட்டும்" என்று அவர் கையில் மேலும் 4 கிலோ கொடுத்தார்கள். தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் பி.சி.டி.யில் (மிதப்பைச் சரிசெய்யக் காற்றடைக்கும் மேலங்கியில்) ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று கூடுதலாக அடைக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஆழம் மாறுந்தோறும் சுருங்கி விரிவதால், அவர் அன்று முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். சிலிண்டரும் முன்னதாகவே தீர்ந்தது.

சரியான சோதனை டைவின் முடிவில்தான் இருக்கிறது. 50 பார் மீதமிருக்கும்போது, 5 மீட்டரில், பி.சி.டி.யை முழுவதும் காலிசெய்துவிட்டு இயல்பாக மூச்சுவிட்டபடி அசையாமல் நிற்க முடிந்தால் ஈயம் சரி. தொடக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால், காலியான பி.சி.டி.யோடு இயல்பான மூச்சைப் பிடித்து நிற்கையில் நீர்மட்டம் கண்ணளவில் இருக்கிறதா என்று பார்த்து, செலவாகப்போகும் காற்றுக்காக 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர், வெட்சூட், நீர், ஈயம் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஏரிக் கணக்கைக் கடலுக்குக் கொண்டுவருதல்

உப்புநீர் நம்மை அதிகம் மிதக்கவிடுவதால், கருவிகளோடு 100 கிலோ இருப்பவருக்குக் கடலில் சுமார் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும்.

புதிய வெட்சூட்டுக்குப் பழைய எண்

பல ஆண்டுகள் அழுந்தி மெலிந்த நியோப்ரீனைவிட (வெட்சூட் செய்யும் நுரை ரப்பர்), அதே தடிமனுள்ள புதியது அதிகம் மிதக்கும்.

கழற்ற முடியாத எடையை மறத்தல்

சிலிண்டரை முதுகில் தாங்கும் எஃகு முதுகுத்தகடு மட்டுமே இரண்டு, மூன்று கிலோ ஈயத்துக்கு ஈடாகும் என்பதால் பலர் எடைப் பட்டையையே விட்டுவிடுகிறார்கள். நெருக்கடியில் பட்டையை உதறலாம். தகட்டை உதற முடியாது. எஃகு சிலிண்டரும் சேர்ந்தால், பி.சி.டி. கிழிந்தாலும் நீந்தி மேலே வர முடியுமா என்பதை ஆழமற்ற நீரில் ஒருவர் துணையோடு சோதித்த பின்னரே ஆழத்துக்குப் போங்கள்.