இணையதளம் இயங்குகிறதா என அறியப் பிங் சோதனையைப் படிக்கும் முறை

ஓர் இணையதளம் திறக்கவில்லை என்றதும் பலரும் முதலில் செய்து பார்ப்பது பிங் சோதனை. பதில் வந்தால் தளம் நன்றாக இருக்கிறது என்றும், வராவிட்டால் சர்வர் நின்றுவிட்டது என்றும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். இவ்விரு முடிவுகளும் தவறாகப் போகக்கூடும் என்பதால், பிங் எதை அளக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய இந்தச் சிறு நிரலுக்கு, கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனாரின் ஓசையே பெயராயிற்று. நெட்வொர்க்கின் நிலையையும் பிழைகளையும் தெரிவிக்கப் பயன்படும் ஐசிஎம்பி நெறிமுறைப்படி ஒரு கோரிக்கையை அனுப்பி, அதற்கான பதில் திரும்பி வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது கணக்கிடுகிறது.

கட்டளைத் திரையில் பிங் (ping) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை மட்டும் கொடுங்கள். முகவரியின் https என்ற முன்னொட்டும் சாய்கோடுகளும் வேண்டாம். விண்டோஸ் 4 முறை அனுப்பிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் நாமே நிறுத்த வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலே 25 விழுக்காடு இழப்பு என்று காட்டும் என்பதால், குறைந்தது 50 முறையாவது அனுப்பிப் பார்ப்பது நல்லது.

முதல் வரியில் தெரியும் ஐபி முகவரியை, அதாவது சர்வரின் எண் முகவரியை, கவனியுங்கள். பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை என்று வந்தால் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை முதலில் ஆராய வேண்டும். பழைய முகவரி தெரிந்தால், சர்வரை மாற்றிய செய்தி டிஎன்எஸ்ஸில் இன்னும் பரவவில்லை என்று பொருள்.

அடுத்தது நேரம். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 1000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 10 மில்லிநொடியாவது தேவை. எனவே வேறு கண்டத்திலுள்ள சர்வர் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்வது குறையாகாது. வழக்கமாக 40 காட்டிய சர்வர் திடீரென 200 காட்டுவதுதான் விசாரிக்க வேண்டிய செய்தி. இதற்காகவே, சிக்கலில்லாத நாட்களிலும் அளவுகளைக் குறித்து வைக்கும்படி வற்புறுத்துகிறேன்.

பதிலே வராவிட்டாலும் பதற வேண்டாம். வேண்டாத தரவுப் போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வால் ஐசிஎம்பியைத் தடுத்திருந்தால், தளம் பிரவுசரில் நன்றாகத் திறந்துகொண்டிருக்கும்போதே பிங் முழுத் தோல்வி காட்டும்.

இதைவிட ஆபத்தானது பொய்யான நம்பிக்கை. பிங்குக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் இயங்குதளமே ஆதலால், வெப் சர்வர் மென்பொருள் நின்றுபோயிருந்தாலும், தரவுத்தளம் முடங்கியிருந்தாலும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் பதில் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். தளத்தின் பக்கங்களைப் பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து வழங்கும் சிடிஎன் சேவையைப் பயன்படுத்தும் தளங்களிலோ, பதில் தருவது அந்தச் சேவையின் அருகிலுள்ள சர்வரே அன்றி உங்கள் சர்வர் அன்று.

ஆகவே பிங்கோடு, பிரவுசரைப் போலவே பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் எச்டிடிபி சோதனையையும் சேர்த்து வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைக் கேட்டு, எல்லாம் சரி என்பதைக் குறிக்கும் 200 என்ற நிலைக் குறியீடு வருகிறதா என்பதோடு, பக்கத்தில் இருந்தே தீர வேண்டிய ஒரு சொற்றொடர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிழைச் செய்தியையே 200 குறியீட்டோடு அனுப்பும் தளங்கள் உண்டு. இருவேறு நெட்வொர்க்குகளிலிருந்து தொடர்ந்து மூன்று முறை தோற்றால் மட்டும் எச்சரிக்கை வருமாறு அமைத்தால், நள்ளிரவில் வீணாக எழ வேண்டியிராது. கண்காணிக்கும் நிரலைத் தளம் இருக்கும் அதே சர்வரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சர்வர் நிற்கும்போது அதுவும் சேர்ந்தே நின்றுவிடும்.