பட்டப்படிப்புடன் அயல்மொழி: மதுரை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு, மதுரையில் மொழி வகுப்புகள் நடக்கும் மாடிப்படிகளில் செருப்புகள் பெருகத் தொடங்கும். இயந்திரப் பொறியியல் எடுத்தவர் ஜெர்மன் கேட்டு வருவார், கணினி அறிவியல் மாணவி ஜப்பானியம் கேட்பார், நர்சிங் சேர்ந்த பெண்ணை அழைத்து வரும் சித்தப்பா, "ஆறு மாசத்துல முடிஞ்சிருமா சார்?" என்று கேட்பார். தீபாவளிக்குள் அந்தச் செருப்புகளில் பாதி காணாமல் போய்விடும். பகுதி நேரமாக ஜெர்மன் கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் பழகிப்போன காட்சி இது. மொழி கடினமாக இருந்ததால் நின்றவர்கள் சிலரே. தொடக்கத்திலேயே கணக்கைத் தப்பாகப் போட்டதால் நின்றவர்கள்தாம் அதிகம்.

எனவே அந்தக் கணக்கையே முதலில் பார்ப்போம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள் உண்டு; ஏ1 தொடக்கம், சி2 உச்சம். ஜெர்மன் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் மதிப்பீட்டின்படி, ஜெர்மனில் ஏ1 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரையும், பி1 நிலைக்கு 350 முதல் 650 வரையும், பி2 நிலைக்கு 600 முதல் 800 வரையும் தேவைப்படும். சனி, ஞாயிறுகளில் இரண்டிரண்டு மணி நேரம் வகுப்புக்கு வரும் மாணவருக்கு, பருவத் தேர்வுகளும் பொங்கலும் சித்திரைத் திருவிழாவும் போக ஆண்டுக்கு 35 வாரங்கள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அது 140 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 187 பாடவேளைகள். மூன்று ஆண்டுகளில் 560. முதல் பருவத்திலேயே சேர்ந்து விடாமல் வந்தவர் பட்டம் வாங்கும்போது பி1 முடித்து பி2 பக்கம் வந்திருப்பார். கடைசி ஆண்டில், "ப்ராஜெக்ட் மட்டும்தானே, நேரம் கிடைக்கும்" என்று தொடங்குபவர் ஏ1 முடித்த இடத்தில் நிற்பார். ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்றுவதற்குப் பொதுவாக பி1 அல்லது பி2 கேட்கிறார்கள் என்பதால், சித்தப்பாவின் ஆறு மாதம் என்பது வார இறுதி வகுப்பில் நடக்கக்கூடிய காரியமே அல்ல.

இந்தக் கணக்கைப் பார்த்து மலைப்பவர்கள் செய்யும் அடுத்த தவறு, சான்றிதழ்களைச் சேர்ப்பது. பிரெஞ்சு ஏ1, ஜெர்மன் ஏ1, ஜப்பானியம் என்5 (அதன் தொடக்க நிலை) என்று மூன்று வரிகள் வாழ்க்கைக் குறிப்பில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏ1 என்பது பெயரும் ஊரும் சொல்லி, பயணச்சீட்டு வாங்கி, கடையில் விலை கேட்கும் அளவுதான். ஒரே மொழியில் பி1 வைத்திருக்கும் மாணவரோடு ஒப்பிட்டால், அந்த மூன்று சான்றிதழ்களுக்கு வேலை தருபவரிடம் மதிப்பு ஏதும் இல்லை என்பதே என் கருத்து.

மதிப்பெண்ணுக்காக மொழி எடுப்பது வேறு வகைத் தவறு. மேனிலைப் பள்ளியிலும் கலைக் கல்லூரியின் முதல் பகுதி (பார்ட் 1) மொழிப் பாடத்திலும் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் நன்றாக விழும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஊறிப்போனது. அப்படி எடுத்தவர்களில் பலருக்கு நான்கு ஆண்டுகள் கழித்தும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வழி சொல்லத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகளுக்கு 150 மதிப்பெண்கள்; அதில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அரசு வேலையையும் மனத்தில் வைத்திருப்பவர், தமிழை விட்டுவிட்டு அயல்மொழியைப் பிடிப்பதை இருமுறை யோசிக்க வேண்டும்.

இனி நான் அதிகம் வருந்தும் தவறு. தமிழ் இலக்கணத்தை வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியே கற்பது. டிசம்பரில் ஒரு நாள் வகுப்பில் ஏ.சி. சற்று அதிகமாக இருந்தபோது ஒரு மாணவர், "இஷ் பின் கால்ட்" என்றார். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த விளைவு அது. ஜெர்மன் காதுக்கு அது, தன் உடம்பே சில்லிட்டுக் கிடப்பதாகவோ, தான் ஈரமற்ற மனிதன் என்றோ படும். "வீட்ல அம்மாகிட்ட எப்படிப்பா சொல்லுவ?" என்று கேட்டேன். "எனக்குக் குளிருதும்மான்னு சொல்லுவேன் சார்." ஜெர்மனும் அதைத்தான் சொல்கிறது: "மிர் இஸ்ட் கால்ட்". 'மிர்' என்றால் 'எனக்கு', நான்காம் வேற்றுமை. ஒரு பொருள் பிடித்திருக்கிறது என்பதற்கும் "தாஸ் கெஃபேல்ட் மிர்", அது 'எனக்கு'ப் பிடிக்கிறது. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது ஆங்கிலத்தில் யோசிப்பவரைத் தடுமாறச் செய்யும். வினையில் முடித்தே பழகிய நமக்கு அதில் வியப்பில்லை.

ஜப்பானியத்தில் இந்த உறவு இன்னும் நெருக்கம். "வதஷி வ கொஹன் ஒ தபெமஸ்" என்பதில் சொற்களின் வரிசை 'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்' என்பதன் வரிசையே. 'ஒ' நம் 'ஐ' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி; குறில் நெடில் கற்ற பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'படு', 'பட்டு' என்று மெய் இரட்டித்தால் பொருள் மாறுவதும் அங்கே உண்டு. அமெரிக்க அரசின் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம் ஜப்பானியத்துக்கு 2200 வகுப்பு மணி நேரம் குறித்திருப்பதைப் படித்துவிட்டுப் பயப்படுபவர்கள், அது ஆங்கிலம் பேசுவோருக்காகப் போட்ட கணக்கு என்பதைக் கவனிப்பதில்லை. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த 2136 கான்ஜி எழுத்துகளை மனத்தில் ஏற்றுவதற்குத் தமிழ் உதவாது. அதற்கு உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளலாம் என்று பொருள் அல்ல. பிரெஞ்சில் மீனுக்கும் பானத்துக்கும் உரிய சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுபவை. நோட்டில் தமிழில் எழுதினால் இரண்டும் 'புவாஸோன்' ஆகிவிடும். உணவகத்தில் எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

தேர்வு விஷயத்தில் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானியத் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்3 சான்றிதழ் வைத்திருந்தும் நேர்காணலில் வாய் திறக்க முடியாதவர்கள் இருப்பது இதனால்தான். மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில், எந்தச் சான்றிதழும் இல்லாமல் பயணிகளோடு பிரெஞ்சில் பேரம் பேசிய தையல்காரர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகளில் நடக்கிறது. டிசம்பர் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் பருவத் தேர்வோடு மோதும் என்பதால், ஜூலையைக் குறிவைத்துப் படிப்பதே நல்லது. சான்றிதழின் ஆயுளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிரெஞ்சின் டெல்ஃப் ஆயுள் முழுவதும் செல்லும். கொரிய மொழியின் டோபிக் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதால், அதை முதலாம் ஆண்டிலேயே எழுதி முடித்தவர் பட்டம் வாங்கும்போது மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

"கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொன்று படிக்கலாமா?" என்ற தயக்கம் தேவையற்றது. மொழி நிறுவனத்தின் சான்றிதழ் வகுப்பு பட்டப்படிப்பு அல்ல. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மொழியில் இரண்டாவது பட்டமே பெற விரும்பினாலும், வகுப்பு நேரங்கள் மோதாதவரை இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. ஆனால் ஏட்டளவில் இடம் இருக்கிறது என்பதற்காகவே இரண்டு பட்டங்களைத் தலையில் ஏற்றிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொழியையும் பாடத்தையும் ஒட்டாமல் வைத்திருப்பதும் பெரிய இழப்பு. ஏ2 முடித்த பொறியியல் மாணவர் ஒருவர், இயந்திர வரைபடத்தில் 'முட்டர்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "இங்க எதுக்கு சார் அம்மா வர்றாங்க?" என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு அம்மா என்றும் பொருள், போல்ட்டில் மாட்டும் நட் என்றும் பொருள். கடல் அலை என்று அவர் மனப்பாடம் செய்திருந்த 'வெல்லெ' அதே வரைபடத்தில் சுழல்தண்டாக இருந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்தே, தன் துறையின் சொற்களை வாரத்துக்குப் பத்தாக ஒரு தனி நோட்டில் எழுதிவரலாம். அவற்றைப் பொதுப் பாடநூல் தராது.

கடைசியாக, பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தாலும் பணத்தையும் நாளையும் விழுங்கும் தவறு ஒன்று: பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். தேர்வுக்குப் பதியும்போது ஒன்றும், சென்னையில் தேர்வறை வாசலில் காட்டும் அடையாள அட்டையில் இன்னொன்றுமாக இருந்தால், சனி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கியதெல்லாம் வீணாகலாம். பாஸ்போர்ட் எடுத்த பிறகு தேர்வுக்குப் பதியுங்கள். அதில் உள்ள பெயரை எழுத்து பிசகாமல் அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.